ஏழு எண்டே போடு

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து 31ஆம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்குப் போனால், சாப்பாடு முடிந்து வரும்போது ஒரு சின்னப் புத்தகம் கையில் தருவார்கள். அட்டையில் நினைவு மலர் என்று இருக்கும். ஊரில் அதற்குப் பெயர் கல்வெட்டு. முதல் பக்கத்தில் படம், திதி சொல்லும் வெண்பா ஒன்று, பிறகு தேவாரம் திருவாசகம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல்.

2023இல் அம்மம்மா தன்ரை 92ஆவது வயதில் காலமானா. வாழ்க்கை வரலாறு எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. "நீதானே பிள்ளை உதுகள் எழுதுறனி. ரெண்டு பக்கத்துக்கு மேலை போகாமல் எழுது" என்று பெரிய மாமா சொன்னார்.

மாதிரிக்குச் சில கல்வெட்டுகளைப் பார்த்தேன். வீட்டு அலுமாரிக்குள் ஒரு கட்டு இருந்தது. இன்னும் கொஞ்சத்தை நூலகம் எண்ணிம நூலகத்தில் தேடி வாசித்தேன். நான் வாசித்த ஆண்களின் கல்வெட்டுகளில் படித்த பள்ளிக்கூடம், முதல் நியமனம், இடமாற்றம், பதவி உயர்வு, கோயில் நிர்வாகம் என்று ஒரு மனிதர் ஊர் ஊராக நடந்து திரிவது தெரிந்தது. பெண்களின் கல்வெட்டுகளில் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் பாசமிகு தாயார். இல்லறத்தை நல்லறமாக நடத்தினார். பிறகு இறைவனடி. இடையில் இருந்த அறுபது எழுபது வருசங்களைக் காணவில்லை.

மாமாமாரும் பெரியம்மாவும் வட்ஸ்அப்பில் அனுப்பிய குறிப்புகளும் அப்படித்தான் இருந்தன. "அம்மா எங்களுக்காகவே வாழ்ந்தவ." "தியாகத்தின் சிகரம்." பொய் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொருவரும் அழுதழுதுதான் எழுதி அனுப்பியிருந்தார்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு பந்திகூட எழுத முடியவில்லை. எங்களுக்காக வாழ்ந்தா என்றால், காலையில் எழும்பி என்ன செய்தா? காசு எங்கேயிருந்து வந்தது? யார் முடிவெடுத்தது? எனக்குத் தெரிந்ததையும் அம்மாவிடம் கேட்டறிந்ததையும் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கல்வெட்டில் இவ்வளவுக்கும் இடமில்லை.

அம்மம்மா பிறந்தது 1931இல். இலங்கையில் ஆண்களோடு பெண்களுக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்த வருசம் அது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. 1943இல் பெரியபிள்ளை ஆனவுடன் பள்ளிக்கூடத்தால் நிப்பாட்டினார்கள். இரண்டு வருசம் கழித்து 1945இல் இலவசக் கல்வி வந்தது. அண்ணன்மார் தொடர்ந்து படித்தார்கள். தம்பி படித்த புத்தகங்களை அவ அடுப்படியில் இருந்து வாசித்தாவாம். கடைசி வரைக்கும் பேப்பர் வாசிப்பை விடவில்லை. "வீரகேசரி எனக்கு ஒரு வயசு மூப்பு" என்று சிரிப்பா. முதலில் மரண அறிவித்தல், பிறகு சந்தை விலை, அதற்குப் பிறகுதான் மற்றச் செய்திகள்.

சந்தை விலை வாசித்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் வலிகாமத்துச் செம்மண் ஊர். வெங்காயம், மிளகாய், புகையிலை. சுன்னாகம் சந்தைக்கு வண்டில் போகும். அம்மப்பாவைக் கமக்காரன் என்று எல்லோரும் சொல்வார்கள். அம்மம்மாவை அப்படி யாரும் சொன்னதில்லை. ஆனால் வெங்காயம் நட்டதும், புல்லுப் பிடுங்கியதும், பிடி பிடியாகக் கட்டித் தூக்கியதும் அவதான். துலாக் காலத்தில் விடிய நாலு மணிக்கு அம்மப்பா துலா மிதிக்க, கீழே நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறிவிட்டது அவ. அதற்குப் பிறகு ஆடு, மாடு, பிள்ளைகள், அடுப்பு. எல்லாக் கணக்கும் அவவின்ரை தலைக்குள்ளே. பிள்ளைகளின் பழைய கொப்பிகளில் எழுதாமல் மிஞ்சிய பக்கங்களில் சீட்டுக் கணக்கு மட்டும் எழுதி வைப்பா.

1970களில் அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது எங்கள் பக்கத்துத் தோட்டக்காரருக்கு நல்ல காலம் வந்தது. எங்கள் கல்வீடு அந்த மிளகாய்க் காசில் எழும்பியது. அம்மப்பாவுக்கு ஒரு லொறி வாங்க ஆசையாம். அம்மம்மா விடவில்லை. "லொறி தேயும், சுவர் தேயாது." 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டு விலை விழுந்தது. லொறி வாங்கிய இரண்டு வீட்டுக்காரர் அதை விற்றார்கள். எங்கள் வீடு நின்றது. இதை அம்மம்மா எத்தனை முறை சொல்லியிருப்பா என்று எனக்கே கணக்கில்லை.

அடுத்தது காணி விசயம். சின்ன மாமா லண்டனிலிருந்து அனுப்பிய குறிப்பில் ஒரு வசனம் இருந்தது: "1985இல் எமது தந்தையார் தமது காணியை விற்று என்னை வெளிநாடு அனுப்பி வைத்தார்." அம்மா அதை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய் றங்குப் பெட்டியைத் திறந்து உறுதிகளை எடுத்துக்கொண்டு வந்தா. அந்தக் காணி அம்மம்மாவின் சீதனக் காணி. அவவின்ரை தாய் அவவுக்குக் கொடுத்தது. அதே துலாக் காணி. விற்ற உறுதியில் விற்றவர் பெயர் அம்மம்மா. அதற்குக் கீழே சம்மதம் என்று அம்மப்பாவின் கையெழுத்து.

ஏன் சம்மதம் வேணும் என்று கேட்டேன். தேசவழமையின்படி சீதனச் சொத்து பெண்ணுக்கே உரியது. ஆனால் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட ஒரு மனைவி தன் சொந்தக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. கணவன் தன் சொந்தக் காணியை விற்க மனைவியிடம் கேட்கத் தேவையில்லை. காணி அவவின்ரை, முடிவும் அவவின்ரை. ஆனால் கையெழுத்து வைத்தவரைத்தான் மகன் நினைவு வைத்திருந்தார். மாமாவுக்கு உறுதியைப் படம் எடுத்து அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் போன் எடுத்தார். கன நேரம் கதைக்கவில்லை. "எனக்கு இது தெரியாதடி பிள்ளை. அப்பாதான் வித்தவர் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான். அவ ஒரு நாளும் சொல்லேல்லை" என்றார்.

அவ சொல்லாததற்குக் காரணம் அடக்கம் என்று கல்வெட்டில் எழுதலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கேட்டால் சதம் வரைக்கும் சொல்லக்கூடிய ஆள் அவ.

1990இல் திரும்பச் சண்டை தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றி, உரம் எல்லாம் தடை. அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் பலர் கஷ்டத்தைச் சொல்வார்கள். அம்மம்மா செய்முறையைச் சொல்லுவா. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, பஞ்சு நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப் வால்வில் திரி கோர்த்துக் கொளுத்தினால் எத்தனை இரவுக்கு எரியும் என்பது அவவுக்குத் தெரியும். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தால் அழுக்குப் போகும், ஆனால் நல்லா அலசாவிட்டால் மாடு வந்து சீலையை நக்கும் என்பதும் தெரியும். மண்ணெண்ணெய் இல்லாமல் இறைக்கிற மிசின் நின்றபோது, பத்து வருசமாகச் சும்மா கிடந்த வீட்டுத் துலாவுக்குக் கயிறு மாற்ற வைத்ததும் அவதான்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே வெளிக்கிட்டபோது நான் மூன்று மாதக் குழந்தை. மழை. நாவற்குழிப் பக்கம் போகிற வீதியில் சனம் நகரக்கூட முடியாமல் நின்றதை ஊரில் எல்லா வீட்டாரும் சொல்வார்கள். எங்கள் வீட்டுக் கதையில் அம்மம்மாவுக்கு 64 வயது. ஒரு தோளில் நான். மற்றக் கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் உறுதிகள், எல்லாருடைய பிறப்புப் பத்திரங்கள், சீட்டுக் கொப்பி, கொட்டப்பெட்டி, எனக்குச் சுடுதண்ணிப் போத்தல். நகை? அது ஏற்கெனவே அடைவில் இருந்தது. "அடைவுச் சிட்டையைக் கொண்டுபோனனான் மோனை, பாரமில்லை" என்பா. கொடிகாமத்தில் ஒரு வீட்டு மாமரத்துக்குக் கீழே ஆறு மாதம். 1996இல் திரும்பி வந்தபோது வீட்டில் ஓடும் கதவும் யன்னலும் இல்லை. சுவர் நின்றது. அதையும் அவ சொல்லிக் காட்டாமல் விடவில்லை.

அந்தச் சுவர்களுக்கு ஓடு போட்டது வெளிநாட்டுக் காசு. அப்போது மூன்று மாமாமாரும் பெரியம்மாவும் ஆசையம்மாவும் ஐந்து நாடுகளில். அம்மப்பா 1998இல் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அம்மம்மாவின் தாய்மை பெரும்பாலும் பார்சல்தான். வறுத்து இடித்த மிளகாய்த்தூள், புழுக்கொடியல், பனாட்டு, வடகம், மோர்மிளகாய், பயித்தம் உருண்டை. யாருக்கு உறைப்புக் கூட, யாருக்குப் பெருஞ்சீரகம் பிடிக்காது என்று ஐந்து விதமாக இடித்து ஐந்து பையில் கட்டுவா. 2002இல் ஏ9 பாதை திறந்து அவர்கள் முதல் முறை வந்தபோது ஆளுக்காள் பிடிச்சதைச் சமைத்தா. 2006இல் பாதை பூட்டியதும் முதல் கேட்டது, "பார்சல் போகுமோ?" என்றுதான்.

நான் ஒரு தெய்வத்தைப் பற்றி எழுதவில்லை. அம்மம்மா முட்டைப் பொரியலை ஆம்பிளைப் பிள்ளைகளின் கோப்பையில்தான் முதலில் வைப்பா. தோட்ட வேலைக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க வேலியில் வேறு குவளை கொழுவியிருந்தது. அம்மா படிக்கிற காலத்தில் அந்தக் குவளைகளைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டுக் கிளாசில் கொடுத்ததற்கு இரண்டு கிழமை தாயும் மகளும் கதைக்கவில்லையாம். பிறகு குவளை திரும்ப வரவில்லை. ஆனால் அவ மாறிவிட்டா என்று எழுத எனக்கு மனமில்லை. எனக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்தபோது அவ முதல் கேட்ட கேள்வி எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிற கேள்வி. பிள்ளைகளுக்கு உயிரைக் கொடுத்த கைதான் மற்றவர் பிள்ளைக்குக் குவளையைப் பிரித்தது. இரண்டும் ஒரே ஆள்.

2019இல் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. அதற்குப் பிறகு நாலு வருசம் கட்டில்.

அந்த நாலு வருசம் அம்மாவின் வருசங்கள். அம்மா ஆசிரியை. 2020இல் 54 வயதிலேயே ஓய்வு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திட்டா. படுக்கைப்புண் வராமல் இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஆளைப் புரட்டிவிட வேண்டும். நானும் அப்பாவும் உதவி செய்தோம். ஆனால் அம்மம்மா இரவில் கூப்பிட்டது அம்மாவைத்தான். வெளிநாட்டிலிருந்து காசு ஒரு மாதமும் தவறாமல் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். 2022இல் பம்பர்ஸ் விலை மாதத்துக்கு மாதம் ஏறியபோது அந்தக் காசு இல்லாமல் சமாளித்திருக்க முடியாது. ஆனால் காசுக்கு ஆளைப் புரட்டத் தெரியாது.

அதே 2022இல் மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. காஸ் இல்லை. ஓகஸ்ட் மாதம் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. நாங்கள் எல்லோரும் போனைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தோம். அம்மம்மா கட்டிலில் கிடந்தபடி, "ஜாம் போத்தில் கிடக்கோ எண்டு பார் மோனை" என்றா. கிடந்தது. பஞ்சு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று அவ சொல்லச் சொல்ல நான் செய்தேன். திரி புகைத்தது. "திரியைக் கீழை இறக்கு. உனக்கு இதுகூடத் தெரியாது, கம்பசுக்குப் போனனியாம்" என்றா. அந்த ஒரு கிழமை அவவின்ரை முகத்தில் இருந்த கலையை அதற்கு முதல் ஒரு வருசமாக நான் காணவில்லை. திரும்பவும் அவவிடம் கேட்டுச் செய்ய வீட்டில் ஒரு வேலை இருந்தது.

கல்வெட்டுக்கு வருகிறேன். வம்சாவளியில்தான் சண்டை வந்தது. அம்மம்மாவுக்கு உயிரோடு இருப்பது ஆறு பிள்ளைகள். ஆனால் யாராவது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், "ஏழு, ஆறு இருக்கு" என்பா. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். மூன்றாவது ஒரு பெண் குழந்தை. 1956இல் பிறந்து பதினொராம் நாள் காய்ச்சலில் போய்விட்டது. நான் வரலாற்றில் "ஏழு பிள்ளைகளைப் பெற்று" என்று எழுதி அனுப்பினேன். பெரிய மாமா குரல் பதிவு அனுப்பினார்: "பிள்ளை, அந்தக் குழந்தைக்குப் பேர்கூட வைக்கேல்லை. வம்சாவளியிலை எப்பிடிப் போடுறது? வாசிக்கிற சனம் குழம்பும். ஆறு எண்டே போடு." அவர் கோபத்தில் சொல்லவில்லை. அவருக்கு அப்போது ஐந்து வயது. தாய் அடுப்படியில் இருந்து அழுததை அவர் கண்டிருக்கிறார். அதை அச்சில் பார்க்க அவருக்கு விருப்பமில்லாமல் இருந்திருக்கலாம்.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. போனில் அந்தக் குரல் முடிந்ததும் தலை நிமிராமல் சொன்னா: "ஏழு எண்டே போடு. அது பெத்தவ சொன்ன கணக்கு."

ஏழு என்றே போட்டோம். வம்சாவளியில் மூன்றாவது இடத்தில் "பெண் குழந்தை (1956)" என்று ஒரு வரி. 31ஆம் நாள் அதைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர்க் கிழவி ஒருத்தி கல்வெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தா. "எனக்கும் ஒண்டு போனது பிள்ளை. ஆம்பிளைப் பிள்ளை. இனி என்ரை பெடியளுக்குச் சொல்லிவைக்கோணும்" என்றா.

அன்றைக்கு வந்த சனம் அம்மாவுக்குச் சொன்னது வேறு. "நீ குடுத்து வைச்சனி, தாயைப் பாக்கிற பாக்கியம் உனக்குத்தான் கிடைச்சது." ஐந்தாறு பேர் சொன்னார்கள். அம்மா எல்லோருக்கும் ஓம் என்று தலையாட்டினா. பிறகு அதே ஆட்கள் என் பக்கம் திரும்பி, "நீயும் உன்ரை அம்மாவை இப்பிடித்தான் பாக்கோணும், என்ன?" என்றார்கள். என் தம்பி பக்கத்தில்தான் நின்றான். அவனிடம் யாரும் சொல்லவில்லை.

தியாகம் என்ற சொல்லில் எனக்கு இருக்கிற பயம் இதுதான். அது செத்தவருக்குப் பூ வைக்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் அதே சொல் உயிரோடு இருக்கிற அடுத்த பெண்ணின் தலையில் வேலையை ஏற்றிவைக்கிறது. வேலையை வேலை என்று சொன்னால், அதை யார் செய்தது, எவ்வளவு நேரம், இனி யார் பங்கு எடுப்பது என்று கேட்கலாம். பாக்கியம் என்று சொன்னால் கேட்க முடியாது. அம்மம்மாவை நான் குறைவாக நேசிக்கிறதால் இப்படி எழுதவில்லை. துலாக் காணியை விற்றதும், லொறியைத் தடுத்ததும், அடைவுச் சிட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்ததும் ஒரு கெட்டிக்காரியின் முடிவுகள். அவற்றைத் தாய்ப்பாசம் என்று ஒரே சொல்லில் மூடினால் எனக்கு அவவைத் தெரியாமல் போய்விடும்.

இதை வாசிக்கிறவர்களின் வீட்டில் அம்மம்மாவோ அப்பம்மாவோ இருந்தால், எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள் என்று கேட்காமல், சீட்டு எப்படிப் பிடித்தீர்கள், என்ன விலைக்கு விற்றீர்கள், உறுதியில் யாருடைய பெயர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுப் பாருங்கள்.

அம்மாவுக்கு இப்போது 57. இரண்டு முழங்காலும் நோ. இரவில் இரண்டு மணிக்கு இன்னமும் எழும்புறா. எழும்பி, அந்தக் கட்டில் இருந்த அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தண்ணி குடித்துவிட்டு வந்து படுக்கிறா. போன கிழமை மாமாமாரோடும் பெரியம்மா ஆட்களோடும் வட்ஸ்அப்பில் கதைத்தோம். அம்மாவின் முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கிற செலவை அவர்கள் பங்கு போடுகிறார்கள். கிளினிக்குக்கு ஒரு கிழமை நான், மற்றக் கிழமை தம்பி. தம்பிக்கும் சேர்த்துத்தான் நாள் எழுதி அடுப்படிக் கலண்டரில் கொழுவியிருக்கிறேன்.